இரண்டு யானைகளும் ஒரு பழங்கயிறும்

சங்கப் புலவர்கள் சிலருக்குச் சொந்தப் பெயர் தங்கவில்லை. அவர்கள் எழுதிய ஓர் உவமையே பெயராக நின்றுவிட்டது. செம்புலப்பெயனீராரை எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொருவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். நற்றிணையின் 284ஆம் பாடல் அவருடையது. பொருள் தேடப் போன தலைவன் பாலை வழியில் நின்று பேசுகிறான். திரும்பிப் போ என்கிறது நெஞ்சு. எடுத்த வேலையைப் பாதியில் விடாதே என்கிறது அறிவு. இரண்டுக்கும் நடுவில் தன் உடம்பு, எதிரெதிரே நின்று யானைகள் பற்றி இழுக்கும் பழைய கயிற்றைப் போல அழிந்துபோக வேண்டியதுதானா என்று அவன் கேட்கிறான்.

இருபது ஆண்டுகளாக இப்பாடலை வகுப்பில் நடத்துகிறேன். அந்த யானைகளை நேரில் பார்த்தது சென்ற ஆண்டில்தான். எங்கள் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் கற்பிக்கும் நண்பர், பள்ளி மாணவர்களுக்காக ஒரு சிறு நூல் எழுதிக்கொண்டிருந்தார். கலைச்சொற்களைப் பார்த்துத் தரும்படி கேட்டார். 'தகைவு', 'திரிபு' என்று பாடநூலில் இருப்பவற்றைச் சொன்னேன். "சொல்லு மட்டும் போதாது சார், ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். போனேன்.

ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஆளுயரத்திற்கும் மேலாக ஓர் இயந்திரம். இரண்டு தூண்கள், நடுவே மேலொன்றும் கீழொன்றுமாக இரும்புத் தாடைகள். பனைமட்டை நாரைப் பிசினில் தோய்த்து வார்த்த மெல்லிய பட்டை ஒன்றைத் தாடைகளில் பொருத்தினார்கள். இரும்பின் பிடி பட்டையை நசுக்கிவிடாதிருக்க இரு முனைகளிலும் சிறு தகடுகள் ஒட்டியிருந்தன. பொத்தானை அழுத்தியதும் மேல்தாடை கண்ணுக்குத் தெரியாத மெதுவில் ஏறத் தொடங்கியது. கணினித் திரையில் ஒரு கோடு சாய்ந்து ஏறிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் உலர்ந்த சுள்ளி முறிவதுபோல மெல்லிய ஒலி.

"சத்தம் கேட்டுச்சா சார்?"

"கேட்டுது. உடைஞ்சிடுச்சா?"

"இல்ல சார். நாலஞ்சு நார் போயிருக்கு. அதோட பாரத்த மத்ததெல்லாம் எடுத்துக்கிச்சு."

பிறகு இன்னொரு ஒலி. பிறகு இரண்டு மூன்று சேர்ந்தாற்போல. பட்டை உண்மையில் அறுந்தது அதற்கெல்லாம் வெகுநேரம் கழித்து. அறுந்த முனை கத்தியால் வெட்டியதுபோல இல்லை. தேய்ந்த தூரிகை மாதிரி நார்நாராக நீட்டிக்கொண்டிருந்தது.

*

'ஃபைபர்' என்ற சொல் தமிழ்நாட்டில் ஓர் ஆகுபெயர். ஃபைபர் கதவு, ஃபைபர் தொட்டி, ஃபைபர் படகு என்கிறோம். ஃபைபர் என்றால் நார், அவ்வளவுதான். பொருளில் பாதியான பிசினை நாம் பெயரில் விட்டுவிட்டோம். கண்ணாடி இழையையோ கரிம இழையையோ பாயாகவும் துணியாகவும் அடுக்கி, இறுகிக் கெட்டிப்படும் பிசினில் ஊறவைத்தால் கிடைப்பது இந்தக் கூட்டுப்பொருள். நாரை மட்டும் எடுத்தால் துணிபோலத் துவளும். பிசினை மட்டும் எடுத்தால் தட்டினால் உடையும். இரண்டும் சேர்ந்தால் படகாகிறது, காற்றாலையின் இறக்கையாகிறது, விமானத்தின் உடலாகிறது. நம் நாட்டுத் தேஜஸ் போர்விமானத்தின் உடற்கட்டில் எடையளவில் சுமார் 45 விழுக்காடும், போயிங் 787இல் சுமார் 50 விழுக்காடும் இத்தகைய பொருள்களே.

இதன் தத்துவம் எங்கள் ஊருக்குப் புதிதன்று. என் ஊர் வல்லம். (தஞ்சைக்கருகே ஒன்றும் செங்கல்பட்டுக்கருகே ஒன்றும் உண்டு, இது செஞ்சியை அடுத்த வல்லம்.) என் சிறுவயதில் அங்கே மண்சுவர் வீடுகள்தாம் மிகுதி. செம்மண்ணில் தண்ணீர் விட்டுக் குழைத்து, நறுக்கிய வைக்கோலைத் தூவி, காலால் மிதித்துப் புளிக்கவைத்து, உருண்டை பிடித்து அடுக்குவார்கள். ஒரு முழம் எழுப்பிக் காயவிட்டுப் பிறகு அடுத்த முழம். வைக்கோல் எதற்கு என்று கேட்டால், "மண்ணு வெடிக்காம இருக்க" என்பார் சுவர் வைப்பவர். மண் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். அதை வைக்கோலால் முழுவதும் தடுக்க முடியாது. ஒரு பெரிய வெடிப்பு மேலிருந்து கீழ்வரை ஓடுவதற்குப் பதிலாக நூறு மயிரிழைக் கீறல்களாக அதைப் பகிர்ந்து விடுகிறது. சுவர் நிற்கிறது.

கல் இதற்கு நேர்மாறு. எங்கள் பக்கம் எங்கு பார்த்தாலும் பாறை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் கருங்கல் குன்றுகள். (மராத்தியர் கால இராணுவ நிலப்பரப்புகளுள் ஒன்றாக 2025 ஜூலையில் இக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.) ஔரங்கசீப்பின் படைகள் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்ட கோட்டை இது. அப்படிப்பட்ட கல்லை எங்கள் ஊர்க் கல்லுடைப்பவர் இருவர் ஒரு காலைப்பொழுதில் பிளந்துவிடுவார்கள். நேர்கோட்டில் வரிசையாகச் சிறு குழிகள், குழிக்கொரு ஆப்பு, ஆப்புகளின் மேல் மாற்றி மாற்றிச் சம்மட்டி. அடிக்க அடிக்க ஒலி மாறும். அவர்கள் கல்லைப் பார்ப்பதில்லை, காதைத்தான் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு கல் தானாகவே இரண்டாகப் பிரியும். பிளந்தது அவர்களுடைய வலிமையன்று. விரிசல் ஒன்று தொடங்கிவிட்டால், கல்லிடம் அதை நிறுத்தும் வழி எதுவும் இல்லை.

பொருளின் வலிமை வேறு, முறிவை எதிர்க்கும் திறன் வேறு என்பதை நான் விளங்கிக்கொண்டது இந்த இரண்டு உதாரணங்களால்தான். எவ்வளவு பாரம் தாங்கும் என்பது முதல் கேள்வி. ஒரு கீறல் விழுந்த பின்னும் தாங்குமா என்பது இரண்டாவது. கல்லும் கண்ணாடியும் முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதில் தோற்பவை.

*

இந்த இரண்டாவது கேள்வியைக் கணக்காக்கியவர் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவின் விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஏ. ஏ. கிரிஃபித். ஆண்டு 1920. அணுக்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் வலுவைக் கணக்கிட்டால் கண்ணாடி இன்னும் பல மடங்கு உறுதியாக இருக்க வேண்டும். ஏன் இல்லை என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் அதில் முன்பே இருக்கின்றன என்பதே அவர் கண்ட விடை. இழுபடும் பொருளில் விசையாற்றல் சேர்ந்திருக்கிறது. கீறல் சற்று நீண்டால் அதில் கொஞ்சம் விடுபடும். புதிய பரப்பை உண்டாக்க ஆகும் செலவைவிட விடுபடும் வரவு மிகுந்துவிட்டால், விரிசல் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டு ஓடத் தொடங்கும். நீண்ட கீறலுக்கு வரவு அதிகம். கல்லுடைப்பவரின் வரிசைக் குழிகள் இந்தக் கணக்கில்தான் வேலை செய்கின்றன.

கிரிஃபித் இன்னொன்றும் செய்தார். கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்து ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய வலிமை கூடிக்கொண்டே போனது. மிக மெல்லிய இழை, தடித்த கண்ணாடிக் கம்பியைவிட ஏறத்தாழ இருபது மடங்கு உறுதி. நூலளவுகூடத் தடிமன் இல்லாத ஒன்றில் பெரிய கீறலுக்கு இடமேது? கண்ணாடி இழைப் படகின் வலிமை அங்கிருந்து வருகிறது.

ஆனால் முறிவெதிர்ப்பு? அது இழையிலிருந்து வரவில்லை. இழையும் பிசினும் தொட்டுக்கொள்ளும் இடத்திலிருந்து வருகிறது. குக், கோர்டன் என்ற இருவர் 1964இல் இதை விளக்கினர். பாய்ந்து வரும் விரிசலின் முனைக்குச் சற்று முன்னால், அது பாயும் திசையிலேயே ஓர் இழுவிசை உண்டாகிறது. முனையிலுள்ள பெரும் விசையில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இழைக்கும் பிசினுக்குமான ஒட்டு அந்த அளவுக்குப் பலவீனமாக இருந்தால், விரிசல் வந்து சேர்வதற்கு முன்பே அந்த ஒட்டு விட்டுக்கொடுத்துத் திறந்துவிடும். விரிசல் அந்தத் திறப்புக்குள் விழுந்து, கூர் மழுங்கி, இழையின் ஓரமாகத் திரும்பிவிடும். ஒட்டு மிக இறுக்கமாக இருந்தால் விரிசல் நேரே இழைக்குள் புகுந்து அடுத்ததற்கும் தாவும். முழுப்பொருளும் ஒரு கண்ணாடித் துண்டுபோல நொறுங்கும். மிகத் தளர்ந்திருந்தாலோ இழைகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளாமல் உருவிக்கொண்டு வந்துவிடும். ஒட்ட வேண்டும், ஆனால் விடவும் தெரிந்திருக்க வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இதைப் படித்தபின் நற்றிணைப் பாடலை எடுத்து மறுபடி பார்த்தேன். புலவர் நார் அறுந்த கயிறு என்று சொல்லவில்லை. தேய்ந்தது புரி என்கிறார். தேங்காய் நார் ஒவ்வொன்றும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம்தான். அதிலிருந்து கிணற்றாழத்திற்குக் கயிறு கிடைப்பது முறுக்கினால். முறுக்கில் ஒரு நார் மற்றொன்றை அழுத்திப் பிடிக்கிறது. அறுந்த நாரும் சற்றுத் தள்ளிப்போய்ப் பிடிபட்டு மீண்டும் தன் பங்கைச் சுமக்கிறது. கூட்டுப்பொருளில் பிசின் செய்யும் வேலையைக் கயிற்றில் புரி செய்கிறது. புரி தேய்ந்தால் நார்கள் இருந்தும் கயிறு இல்லை. தலைவனின் துயரமும் அதுதானே. அவனுக்கு நெஞ்சும் குறைவில்லை, அறிவும் குறைவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தேய்ந்துகொண்டிருக்கிறது. யானைகள் காட்டிலும் போரிலும் தொழுவத்திலும் நின்ற காலத்தில் இதைப் பார்த்துச் சொல்ல ஒருவருக்குக் கண் இருந்திருக்கிறது.

*

நண்பரின் கூடத்தில் வேறு சோதனைகளையும் காட்டினார்கள். ஒன்று, சார்ப்பி என்ற பிரெஞ்சுக்காரர் 1901இல் வகுத்துத் தந்தது. ஊசலாடும் சம்மட்டி ஒன்று உயரத்திலிருந்து விழுந்து, நடுவில் சிறு வெட்டு இடப்பட்ட துண்டை அடித்து உடைத்துவிட்டு மறுபுறம் ஏறும். எவ்வளவு குறைவாக ஏறுகிறதோ அவ்வளவு ஆற்றலைத் துண்டு உறிஞ்சிக்கொண்டது என்று பொருள்.

என்னை அதிகம் கவர்ந்தது மற்றொன்று. பட்டையை வார்க்கும்போதே அதன் நடு அடுக்குகளுக்கிடையில், ஒரு முனையில், பிசின் ஒட்டாத மெல்லிய டெஃப்லான் தாளைச் செருகிவிடுகிறார்கள். அந்த இடத்தில் அடுக்குகள் சேரா. பிறகு அந்த முனையை மூங்கிலைப் பிளப்பதுபோல மேலும் கீழுமாக இழுத்து, விரிசல் ஒவ்வொரு மில்லிமீட்டர் முன்னேறவும் எவ்வளவு ஆற்றல் தேவைப்படுகிறது என்று அளக்கிறார்கள். பிளவின் இரு கரைகளுக்கும் நடுவே சில இழைகள் பாலம்போலக் குறுக்கே நின்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதை உருப்பெருக்கியில் பார்க்கலாம். ஒரு பொருளின் குணத்தை அறிய, முதலில் அதற்குத் தெரிந்தே ஒரு குறையைக் கொடுத்துவிட்டு, அந்தக் குறையோடு அது எப்படி வாழ்கிறது என்று பார்க்கும் சோதனை. ஒரு துண்டோடும் விடுவதில்லை. வழக்கமான நெறிமுறைப்படி குறைந்தது ஐந்து துண்டுகளையாவது உடைக்க வேண்டும். நார்களில் எதுவும் மற்றதைப் போல் இருப்பதில்லை.

இப்படி உடைத்துப் பார்ப்பது எதற்கென்று வரலாற்றில் பார்க்கலாம். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் தன் ஆர்.பி. 211 விமான எஞ்சினுக்குக் கரிம இழை அலகுகளைச் செய்தது. இழுவிசையில் அவை அருமையானவை. எடையோ மிகக் குறைவு. 1970இல் பறவை மோதினால் என்னவாகும் என்றறியும் சோதனையில் இறந்த கோழியை அவற்றின்மீது எறிந்தார்கள். அலகுகள் நொறுங்கின. டைட்டானியத்திற்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 1971 பிப்ரவரியில் நிறுவனமே திவாலானது; காரணங்களில் இதுவும் ஒன்று. கூட்டுப்பொருள் அலகுகளோடு ஜி.இ. 90 எஞ்சின் பயணிகள் விமானத்தில் பறக்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கோழி ஆய்வுக்கூடத்தில் மோதியது. விமானத்தில் யாரும் இல்லை.

டைட்டன் நீர்மூழ்கியில் ஐந்து பேர் இருந்தார்கள். கரிம இழைகளைச் சுற்றிச் செய்த உருளைதான் அதன் உடல். தரச்சான்று தரும் அமைப்பு எதனிடமும் அது சான்று பெறவில்லை. 2022 ஜூலையில் ஒரு பயணத்தை முடித்து மேலே வரும்போது உரத்த வெடிப்பொலி ஒன்று கேட்டது. அதற்குப்பின் உடலில் பதித்திருந்த உணரிகளின் அளவுகளும் மாறியிருந்தன. விசாரணையில் இவை தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. 2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் கப்பலைக் காணச் சென்ற வழியில் அது உள்நோக்கி நொறுங்கி ஐவரும் மாண்டார்கள்.

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்து மரக்காணம் கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகுகள் பிடித்துவிட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாகத் தமிழகக் கடற்கரைக்கு வந்தவை பலவும் இவ்வகையே. அவசரத்தில் வார்க்கப்பட்டவை பலவற்றின் தரம் குறித்து அப்போதே குறை எழுந்தது. பிசின் சரியாக ஊறாத பாய், அடுக்குகளுக்கிடையே அடைபட்ட காற்று, எண்ணிக்கையில் குறைத்துவிட்ட ஓர் அடுக்கு: இவை எதுவும் வண்ணம் பூசியபின் வெளியே தெரியாது. பட்டை பட்டையாய் வெட்டி உடைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கடலில் அதை உடைத்துப் பார்ப்பது அலை.

*

என் அக்காவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. இந்தியாவில் அந்த நோய் கடைசியாகக் கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். அக்காவின் குழந்தைப்பருவம் 1970களின் கடைசி. இரும்புக் கம்பியும் தோல்பட்டையும் கனத்த பூட்ஸுமாக ஒரு காலிப்பர் தந்தார்கள். மூன்று கிலோவுக்குக் குறையாது. பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் அவள் வருவது வகுப்புக்குள் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே கேட்கும்.

அப்துல் கலாம் தம் உரைகளில் அடிக்கடி நினைவுகூர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஏவுகணைக்காக உருவாக்கிய இலேசான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்த ஹைதராபாத் எலும்பு மருத்துவர் ஒருவர், அவரைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நிஜாம் மருத்துவ நிறுவனம் அது. அங்கே குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட காலிப்பர்களை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்று வாரத்தில் 300 கிராம் எடையில் புதிய காலிப்பர் செய்யப்பட்டது. தம் வாழ்வின் பெருமகிழ்ச்சிகளில் ஒன்றாக அதை அவர் சொல்வார். எங்கள் வீட்டில் அந்தச் செய்தியைப் பலமுறை படித்திருக்கிறோம்.

அக்காவுக்குக் கண்ணாடி இழையில் செய்த காலிப்பர் கிடைத்தது அவளுடைய முப்பதாவது வயதையொட்டி. முதல் வாரம் அவள் வீட்டுக்குள் வருவதே எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாண்டு கழித்து ஒரு கோடையில் கணுக்காலுக்குச் சற்று மேலே வெண்மையாக ஒரு தடம் தெரிந்தது. படியிறங்கும்போது 'டிக்' என்று ஓர் ஒலி. செய்து தந்த இடத்தில் காட்டினோம். மேல்பூச்சுதான் வெளுத்திருக்கிறது, ஒன்றுமில்லை, இன்னும் ஐந்தாண்டு வரும் என்றார்கள். அக்கா நம்பவில்லை. பரணிலிருந்து பழைய இரும்பை இறக்கித் துடைத்து மாட்டிக்கொண்டு, புதியது வரும்வரை இரண்டு மாதம் அதை இழுத்து நடந்தாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"அந்த இரும்புக் கம்பி ஒரு நாளு நடுரோட்டுல சொல்லாமக் கொள்ளாம முறிஞ்சிது, ஞாபகம் இருக்கா தம்பி? ஆணி போட்ட ஓட்டையில. இது பத்து நாளா சொல்லிக்கிட்டே இருக்குது. கேக்கலன்னா தப்பு நம்மளுதுதான்."

அக்காவின் பேச்சு நண்பரின் கூடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது. கண்ணாடி இழைப் பட்டையை அங்கே இழுத்தபோது உடையுமுன் அது அப்படியே வெளுத்தது. பிசினுக்குள் எழும் நுண்கீறல்களும் இழையைவிட்டுப் பிரியும் ஒட்டும் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. ஒலியைப் பிடிக்கும் உணரியை ஒட்டிவைத்து, எந்தப் பாரத்தில் எத்தனை இழை போகிறது என்று எண்ணுவதே தனிச் சோதனை முறையாக வளர்ந்திருக்கிறது.

இருந்தாலும் நண்பர் ஓர் எச்சரிக்கையும் சொன்னார். எல்லா முறிவும் இப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. விமானத்தின் இறக்கைமேல் பணியாளர் ஒருவர் திருகுக்கருவியைத் தவறவிட்டால், மேற்பரப்பில் தடமே தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். இழுவிசையைத் தாங்கும், அழுத்தினால் திடீரென மடங்கிவிடும். ஆகவே மீயொலியைச் செலுத்திப் பார்க்கிறார்கள். அதற்கும் முன், எளிய வழியாக, நாணயத்தால் தட்டிக் கேட்பதும் உண்டு. நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும்; அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக. கோடிக்கணக்கில் விலைபெறும் விமானத்தை ஒருவர் காசால் தட்டிக்கொண்டு போகிறார் என்பதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். சந்தையில் என் அம்மா பானை வாங்கும்போது விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். சில பானைகளைத் திருப்பி வைத்துவிடுவார். குயவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்.

அக்காவின் இப்போதைய காலிப்பருக்கு ஏழு வயதாகிறது. காலையில் அதைக் கட்டுமுன் மடியில் கிடத்தி, மேலிருந்து கீழாக, முட்டியின்கீழ், கணுக்காலின்மேல், குதிகாலில் என்று விரலால் தட்டிக்கொண்டே வருகிறாள். கணுக்காலின்மேல் மட்டும் இரண்டாம் முறை. பிறகு பட்டைகளை இறுக்கிக்கொண்டு எழுந்து பேருந்துக்குப் புறப்படுகிறாள்.